ஒட்டுப் போட்ட பாராசூட்

வணக்கம், நேயர்களே. பாராசூட் என்றாலே அதில் தொங்கிக்கொண்டு வரும் ஆள்தான் எல்லோர் கண்ணிலும் நிற்பார். நான் பேச வந்தது ஆள் இல்லாத பாராசூட்டைப் பற்றி. உணவு மூட்டை, மருந்துப் பெட்டி, சமயத்தில் ஒரு முழு ஜீப், இவற்றை வானிலிருந்து இறக்குகிற சரக்குப் பாராசூட். இறங்கிய பிறகு அது என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. காற்று அதை முள்ளிலும் கல்லிலும் இழுத்துக்கொண்டு போகும். கிழிந்து வரும். அதைத் தைத்துத் திரும்ப வானத்துக்கு அனுப்புகிற வேலைதான் எனக்குப் பல வருடங்களாகப் பிடித்த விஷயம்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ராணுவத்தின் ஜி-12 என்ற வகை, விரித்தால் 64 அடி விட்டம். நுனி குறுகி அடி அகன்ற 64 நைலான் துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தது. ஏறக்குறைய ஒரு டன் எடையைத் தாங்கும். ஜி-11 இன்னும் பெரியது, 100 அடி. ஆனால் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தால், இதுவா இவ்வளவு தாங்குகிறது என்று சந்தேகம் வரும், அவ்வளவு மெல்லிசு.

சரி, இதில் ஓட்டை விழுந்தால்? நல்ல கெட்டியான துணியாகப் பார்த்து ஒட்டுப் போடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். அதுதான் கூடாது. பழைய சட்டையில் ஜீன்ஸ் துணியை ஒட்டுப் போட்டுப் பாருங்கள். ஒட்டு கல் மாதிரி இருக்கும், அதன் ஓரத்தில் சட்டை புதிதாகக் கிழியும். பாராசூட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தத் துணி காற்றை முழுக்க அடைப்பதில்லை, கொஞ்சம் கசிய விடும். வேண்டுமென்றேதான் அப்படி நெய்கிறார்கள். காற்றே புகாத துணி என்றால் பட்டென்று விரிந்து சரக்கை உலுக்கும், இறங்கும்போது ஊஞ்சலாடும். ஆகவே ஒட்டு பலமாக இருந்தால் போதாது. சுற்றியுள்ள துணியைப் போலவே இழுபட வேண்டும், அதைப் போலவே காற்றை விட வேண்டும். இதை இன்னொரு தடவையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றுக் கசிவு என்றதும் எனக்குப் பிடித்த கதை ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. 1944. இரண்டாம் உலகப் போர். பர்மாவில் பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம்மின் 14-ஆவது படைக்குச் சோறு தண்ணீர் எல்லாம் வானிலிருந்துதான் இறங்கியாக வேண்டும். பாராசூட்டுக்கோ கடும் தட்டுப்பாடு. பட்டும் நைலானும் வந்து சேர்கிற வழியாக இல்லை. பக்கத்திலேயே கல்கத்தாவில் சணல் ஆலைகள் இருந்தன. கோணிப்பைக்கு நெய்கிற அதே சணல். அதில் செய்தால் என்ன என்று கேட்டார்கள். துணி முதல் கயிறு வரை சணலிலேயே செய்து, நெசவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, கடைசியில் ஒப்பேற்றிவிட்டார்கள். வழக்கமான பாராசூட்டுக்கு 20 பவுண்டுக்கு மேல் செலவாகும், இதற்கு ஒரு பவுண்டும் கொஞ்சமும்தான் என்று ஸ்லிம் பின்னால் எழுதினார். ஆட்களையோ உடையும் பொருளையோ அதில் இறக்கவில்லை, அது வேறு விஷயம். எனக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கும் என்றால், துணி முரடாக இருந்தும் வேலை நடந்தது. நெசவின் இடைவெளியைச் சரியாகப் பிடித்ததில்தான் இருக்கிறது சூட்சுமம்.

ஒட்டுக்கு வருவோம். கையளவு கிழிசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் துணியைச் சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும், இழுத்துப் பிடிக்கக் கூடாது. கிழிசலைச் சுற்றிச் சதுரமாகக் கோடு போட்டு, இழையோடு இழையாக வெட்டி எடுக்கிறோம். நான்கு மூலையிலும் சாய்வாக ஒரு சின்ன வெட்டு. ஓரங்களை உள்ளே மடிக்கிறோம். அப்புறம் அதே வகைத் துணியில் கொஞ்சம் பெரிய சதுரம், அதன் ஓரமும் மடித்து. நீளவாட்டு இழையான பாவு பாவோடு, குறுக்கு இழையான ஊடை ஊடையோடு சேர வேண்டும். அந்த நைலானில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தடித்த இழை ஓடும், கிழிசல் பரவாமல் தடுப்பதற்கு. ஒட்டின் கட்டமும் அடித்துணியின் கட்டமும் ஒரே திசையில் ஓடுகின்றனவா என்று பார்த்தாலே வேலையின் தரம் தெரிந்துவிடும்.

ஒட்டை இறுக்கமாகத் தைத்தால், பாராசூட் விரிகிற அந்தக் கணத்தில் பாரம் முழுக்க முதலில் அதன் மேல்தான் விழும். தொளதொளவென்று தைத்தால் அது சும்மா இருக்கும், சுற்றியுள்ள துணி சுமக்கும். இரண்டும் தப்பு. சொன்னேனே, சுற்றியுள்ள துணியைப் போலவே இழுபட வேண்டும். தையலும் அப்படித்தான்: அங்குலத்துக்கு 7 முதல் 11 வரை. நெருக்கமாகப் போட்டால் பலம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஊசித் துளைகள் நெருங்க நெருங்க, அந்தக் கோட்டிலேயே துணி விட்டுப்போகும்.

கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை பரவாயில்லை. விரியும்போது நைலான் நைலானோடு உரசி உருகிய இடம்தான் ஆளை ஏமாற்றும். லேசாகப் பளபளக்கும், விரலால் தடவினால் மொடமொடவென்று இருக்கும். ஓட்டை இல்லையே என்று விடக் கூடாது, வெட்டி எடுக்க வேண்டும். வண்டி இறக்கிய பாராசூட்டில் பேட்டரி அமிலம் பட்ட கறை இருந்தாலும் அதே கதிதான். அமிலம் நைலானை அரிக்கும். கழுவினால் கறை போகும், போன பலம் வராது.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். துண்டையே மாற்றுவது பற்றி நிறைய வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்ந்துவிட்டால் பழுதுபார்ப்பதை நிறுத்திவிட்டு, தையலைப் பிரித்து அந்தப் பாகத்தையே எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். கிழிந்த துண்டை வைத்து அளவெடுக்காதீர்கள், அது இழுபட்டிருக்கும். பக்கத்தில் அதே இடத்தில் உள்ள நல்ல துண்டில் அளவெடுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், நைலானுக்கு வெயில் ஆகாது. செய்த ஒவ்வொரு வேலையையும் அந்தப் பாராசூட்டின் பதிவுச் சீட்டில் எழுதுங்கள். கயிறுகளைப் பற்றித் தொடவே இல்லை. இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.