இஸ்திரி வண்டி எங்கே நிற்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி மாணவர்களுக்காக நடக்கிற சுற்றுச்சூழல் வடிவமைப்புப் போட்டிகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். தொழிலால் நான் மின்பொறியாளன். சில வருடங்களாகப் பள்ளிக் கண்காட்சிகளுக்கு நடுவராகவும் போய் வருகிறேன். அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

எந்த ஊர்க் கண்காட்சிக்குப் போனாலும் ஒரு தெர்மாக்கோல் நகரம் கண்டிப்பாக இருக்கும். பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூளில் புல்வெளி, கூரைக்குக் கூரை கறுப்புத் தாளில் சோலார் பலகை, மூலையில் ஒரு காற்றாலை. பக்கத்தில் நிற்கும் பையன் மனப்பாடமாக ஒப்பிப்பான். அவன் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து, "காற்றாலை சுத்துதே தம்பி, கரண்ட் எங்கேருந்து வருது?" என்று கேட்டால், "அடியில பேட்டரி வெச்சிருக்கோம் சார்" என்பான். தெர்மாக்கோல் தட்டுக்கும் கோப்பைக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கண்காட்சிக்குத் தடை இல்லை போலிருக்கிறது. பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. 'பசுமை நகரம்' என்று தலைப்பைக் கொடுத்தால் நகரத்தைத்தான் செய்வான். தெருவில் வேலை செய்கிற ஓர் ஆளைப் பார்த்துவிட்டு வா என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்படிப் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர். பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். தெருவில் துணி தேய்க்கிறவர் எரிந்த கரியைப் பெட்டியிலிருந்து குப்பையில் கொட்டுவதைப் பார்த்துத்தான் வினிஷாவுக்கு யோசனை வந்தது. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயதை ஒட்டி இருக்கும். ஒரு வண்டிக்கு நாளைக்கு 5 கிலோ கரி என்றால் நாடு முழுக்க எத்தனை வண்டி, எவ்வளவு கரி என்று கணக்குப் போட்டார். கூரையில் சோலார் பலகை, கீழே பேட்டரி, நீராவி இஸ்திரிப் பெட்டி என்று ஒரு வண்டியை வடிவமைத்தார். 2019இல் தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் இக்னைட் விருது, 2020இல் ஸ்வீடனின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு, 2021இல் இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் என்ற சுற்றுச்சூழல் பரிசின் இறுதிச் சுற்று. அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டின் மேடையிலும் பேசினார்.

பரிசுப் பட்டியலை விடுங்கள். நடுவர் என்ற முறையில் எனக்குப் பிடித்தது வேறு. அந்த வண்டியில் செல்போன் சார்ஜ் செய்துகொடுக்க ஒரு வசதியும், காசு போட்டுப் பேசுகிற ஒரு தொலைபேசியும் உண்டு. துணி வராத நேரத்திலும் வண்டிக்காரருக்கு நாலு காசு வரட்டும் என்பதற்காக. வெயில் இல்லாவிட்டால் வீட்டு மின்சாரத்திலும் ஓட்டலாம், முன்கூட்டியே சார்ஜ் செய்த பேட்டரியிலும் ஓட்டலாம்.

இந்தக் கடைசி வசதி ஏன் முக்கியம்? இஸ்திரி வண்டி எங்கே நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வேப்பமரத்தடி, புங்கமரத்தடி, இல்லாவிட்டால் அடுக்குமாடியின் நிழல். நாள் முழுக்க நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவர் வெயிலில் போய் நிற்பாரா? சோலார் பலகைக்கோ வெயில்தான் சாப்பாடு. வண்டிக்காரருக்கும் பலகைக்கும் இப்படி ஒரு சண்டை இருப்பது, வகுப்பறையில் உட்கார்ந்து படம் போடுகிறவருக்குத் தெரியவே தெரியாது. அரை நாள் அந்த மரத்தடியில் போய் நின்றால்தான் தெரியும்.

அப்புறம் கணக்கு. சோலார் இஸ்திரி என்று யாராவது மாதிரி கொண்டுவந்தால், எத்தனை யூனிட் செலவாகும் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. இதற்கு ஆய்வகம் எதுவும் வேண்டாம். வீட்டு இஸ்திரிப் பெட்டியில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருக்கிறது அல்லவா? சூடேறும்போது எரியும், போதுமான சூடு வந்ததும் அணையும். அம்மாவோ அப்பாவோ துணி தேய்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் அந்த விளக்கு மொத்தம் எத்தனை நிமிடம் எரிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 1000 வாட் பெட்டி ஒரு மணி நேரம் விடாமல் சூடேறினால் ஒரு யூனிட். விளக்கு 15 நிமிடம்தான் எரிந்தது என்று வையுங்கள். மணிக்குக் கால் யூனிட். ஆறு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட். 250 வாட் பலகை ஒன்று ஐந்து மணி நேர நல்ல வெயிலில் அதிகபட்சம் ஒன்றேகால் யூனிட் தரும், நடைமுறையில் அதைவிடக் குறைவு. ஆக, ஒரு பலகை போதாது. ஒன்றரை யூனிட்டைச் சேமிக்க 12 வோல்ட் பேட்டரி என்றால் 125 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்கிற அளவு) வேண்டும். ஈய-அமில பேட்டரியின் சார்ஜைப் பாதிக்கு மேல் தீரவிட்டால் ஆயுள் குறையும் என்பதால் அதையும் இரட்டிப்பாக்க வேண்டும். அந்தக் கனத்தைத் தள்ளப்போவது யார்? அறுபது வயது வண்டிக்காரர். இப்படி ஒவ்வொன்றாக இடிக்க ஆரம்பித்த பிறகுதான் வடிவமைப்பு என்ற வேலையே தொடங்குகிறது. இடிக்கிற இடங்களைத் தாளில் எழுதிக்கொண்டு வருகிற மாணவிக்கு, மாதிரி சரியாக ஓடாவிட்டாலும் நான் மதிப்பெண் தந்துவிடுவேன்.

சரி, கரிப்பெட்டி போய்விட்டதா? நகரத் தெருக்களில் இப்போது நிறையக் கண்ணில் படுவது காஸ் இஸ்திரிப் பெட்டி. காரணம் எளிது. கனம் கரிப்பெட்டி மாதிரியே இருக்கிறது. தேய்க்கிறவருக்குப் பெட்டியின் கனம்தான் பாதி வேலையைச் செய்கிறது, லேசான பெட்டியைக் கொடுத்தால் தோள்பட்டை வலிக்கும். காலையில் கரி மூட்டி விசிறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, சாம்பல் பறந்து வெள்ளைச் சட்டையில் விழாது, வண்டியையும் மாற்ற வேண்டியதில்லை. காஸும் புதைபடிவ எரிபொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வடிவமைப்பு போட்டி போட வேண்டியது பழைய கரியோடு மட்டும் அல்ல, இந்த காஸ் பெட்டியோடும்தான். இதை எழுதாத விண்ணப்பம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரிகிறது.

கரியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கரி என்றாலே காடு அழிகிறது என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் விற்கும் கரியில் நிறைய, ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு, அதாவது மண்ணால் மூடி எரித்து, எடுப்பது. அந்த மரத்தை ஒழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை போயிருக்கிறோம். வானம் பார்த்த பூமியில் மூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. அதற்காகக் கரிப்புகை நல்லது என்று ஆகிவிடாது. வண்டிக்காரரின் நுரையீரலுக்கு எந்த மரத்துப் புகையும் ஒன்றுதான். ஆனால் பொருள் எங்கிருந்து வருகிறது என்று ஒரு படி பின்னால் போய் விசாரித்தால் விண்ணப்பத்தின் தரமே மாறிவிடும். அதேபோல ஒரு படி முன்னாலும் போக வேண்டும். ஈய பேட்டரி சில வருடங்களில் உயிரை விடும். பிறகு அது எங்கே போகும்? முறையான மறுசுழற்சிக்கா, தகரக் கொட்டகையில் ஈயம் உருக்குகிறவரிடமா? 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்திருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பு மாணவர் அதைப் படிக்கலாம். கடினமாக ஒன்றும் இல்லை.

மின்சாரமே இல்லாமலும் நல்ல வடிவமைப்பு வரும். கேரளத்தின் ரெம்யா ஜோஸ் பள்ளி மாணவியாக இருந்தபோது அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், வீட்டில் துணி துவைப்பது பிள்ளைகளின் வேலையானது. சைக்கிள் மாதிரி பெடல் மிதித்தால் சுற்றுகிற துவைக்கும் இயந்திரத்தை வடிவமைத்தார். அவரையும் அதே தேசியப் புத்தாக்க நிறுவனம்தான் அடையாளம் கண்டு விருது கொடுத்தது.

போட்டிகளின் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வினிஷா வென்ற இக்னைட்டுக்கு யோசனையே போதுமானதாக இருந்தது, மாதிரி செய்து காட்ட வேண்டியிருக்கவில்லை, கட்டணமும் இல்லை. பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் அனுப்ப முடிந்தது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று சுற்றுகள். ஒரு பள்ளியிலிருந்து சில யோசனைகளைத்தான் அனுப்ப முடியும் என்பதால், தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வங்கிக் கணக்கு இல்லாத பிள்ளைகள் இப்போதே தொடங்கிவிடுவது நல்லது, கடைசி நேரத்தில் ஆதார் எண்ணோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மாதிரியைக் கடையில் வாங்கித் தராதீர்கள், நீங்களே செய்தும் தராதீர்கள். எங்களுக்கு இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும், பிறகு பிள்ளைதான் முகம் சிவந்து நிற்கும். பழைய அட்டைப்பெட்டியில், கோணலாக, பிள்ளையே வெட்டி ஒட்டியது போதும். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் மின்செலவை அளக்கிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகுவது, எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு வீட்டிலிருக்கிற ஃபிரிட்ஜையும் கிரைண்டரையும் ஒரு வாரம் அளக்கட்டும். போட்டிக்கு எந்தத் தலைப்பை எடுப்பது என்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.