பட்டறைத் தெருக்கள் வளர்த்த சேலம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் பொருளாதாரம் பற்றிப் பேசப் போனால் எந்தக் கூட்டத்திலும் ஒரு கேள்வி தவறாமல் எழும். "நம் ஊருக்குப் பெரிய கம்பெனி எப்போது வரும்?" ஓசூருக்கு வந்துவிட்டது, ஸ்ரீபெரும்புதூருக்கு வந்துவிட்டது, நமக்கு மட்டும் ஏன் இல்லை என்ற ஆதங்கம் அதில் இருக்கும். நான் கல்லூரியில் பொருளியல் நடத்திய காலத்தில் மாணவர்கள் இதைக் கேட்டார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டால், இந்த ஊரை இதுவரை வளர்த்தது எது என்பதைப் பார்க்கத் தவறிவிடுவோம். 2011 கணக்கெடுப்பின்போதே சேலம் மாநகரில் 8 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். இத்தனை பேருக்கும் சோறு போட்டதில் பெரிய ஆலைகளின் பங்கைவிட, பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரே தொழிலைச் செய்யும் சின்னஞ்சிறு பட்டறைகளின் பங்கு அதிகம் என்பது என் துணிபு.

ஒரு ஜோடி கொலுசை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக் கட்டி உருக்கும் பட்டறைக்கு வருகிறது. செம்பு சேர்த்து உருக்கியதும் சிறு துண்டொன்றை வெட்டி 'டச்' பார்க்கும் கடைக்கு அனுப்புகிறார்கள். வெள்ளி எத்தனை சதவீதம் என்று சீட்டு வந்த பிறகுதான் அடுத்த வேலை. கம்பி இழுப்பது ஒரு பட்டறை, கம்பியைச் சங்கிலியாக்குவது இன்னொன்று. சலங்கை செய்பவர் வேறு தெருவில் இருக்கிறார். முழுக் கொலுசு செய்ய அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பற்றவைக்கும் வேலை பல வீடுகளின் வாசலிலேயே நடக்கிறது. வெளிச்சம் விழும் இடத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்மணி ஒருவர் இடுக்கியால் சலங்கையைப் பிடித்து, பொடி வைத்து, ஊதுகுழாயின் சுடரை ஒரு நொடி மட்டும் அதன்மேல் காட்டுகிறார். கொஞ்சம் கூடினால் சலங்கை உருகிவிடும், கொஞ்சம் குறைந்தால் ஒட்டாது. அந்தப் பதம் அவருக்கு அம்மாவிடமிருந்தோ எதிர்வீட்டு அக்காவிடமிருந்தோ வந்தது. பிறகு மெருகு போட வேறோர் இடம். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் ஒரு கொலுசு இப்படி எத்தனையோ படி ஏறி இறங்கித்தான் கடைக்குப் போகிறது. இடையில் அதைச் சுமந்து செல்பவை சைக்கிளும் மொபெட்டும்தான்.

சேலத்தில் வெள்ளிச் சுரங்கம் கிடையாது. கட்டி முழுவதும் வெளியிலிருந்து வருகிறது. கொலுசில் பெரும்பகுதி வெளியூருக்கும் வட மாநிலங்களுக்கும் போகிறது. மூலப்பொருளும் இங்கே இல்லை, வாங்குபவரில் பெரும்பாலோரும் இங்கே இல்லை. பிறகு எதற்காகத் தொழில் இங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் விடை எழுதினார். ஷெஃபீல்டு நகரம் கத்திக்கும் லங்காஷயர் வட்டாரம் பருத்தித் துணிக்கும் பேர் வாங்கியிருந்த காலம் அது. ஒரே தொழில் ஒரே இடத்தில் கூடும்போது மூன்று நன்மைகள் விளைகின்றன என்றார் அவர். தேர்ந்த ஆள் எப்போதும் கிடைப்பார், அவருக்கும் ஒரு பட்டறை போனால் இன்னொன்று கிடைக்கும். அந்தத் தொழிலுக்கு வேண்டிய கருவியும் உதிரிப் பொருளும் செய்து கொடுப்பவர்கள் அருகிலேயே முளைப்பார்கள். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: தொழில் நுணுக்கம் அந்த ஊரின் காற்றிலேயே கலந்திருக்கும், குழந்தைகள் தாமாகவே அதைக் கற்றுக்கொள்வார்கள் என்றார். செவ்வாய்ப்பேட்டையைப் பார்க்காமலே செவ்வாய்ப்பேட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மண்ணில் கிடைக்கும் பொருளை மட்டும் நம்பிய தொழில்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்காடு அடிவாரத்தில் மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல் இருக்கிறது, கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கிறது. சேர்வராயன் மலையின் பாக்சைட்டையும் மேட்டூர் மின்சாரத்தையும் கொண்டு 1965இல் மேட்டூரில் அலுமினியம் உருக்கத் தொடங்கினார்கள். அந்த உலை அணைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கல் வெட்டி ரயிலேற்றியதில் கூலி கிடைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் வெள்ளைக்கல்லைச் சுற்றிக் கொலுசைப் போல நூறு கிளைத் தொழில்கள் முளைக்கவில்லை.

ஜவ்வரிசியின் கதை இன்னும் சுவையானது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு மலேயா பக்கத்திலிருந்து ஜவ்வரிசி கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும் வரத்து நின்றது. மறு ஆண்டே சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நெருக்கடியும் ஓரிருவருடைய துணிச்சலும் சேர்ந்து தொழிலுக்கு விதை போட்டன. ஆனால் போர் முடிந்து கப்பல் போக்குவரத்து சீரான பிறகும் தொழில் இங்கேயே நிலைத்ததே, அதற்குக் காரணம் அதற்குள் சுற்றிலும் சேர்ந்துவிட்ட கூட்டம். ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து விவசாயி மரவள்ளிக்கு மாறினார். கிழங்கை அரைக்கும் இயந்திரத்தை உள்ளூர் லேத் பட்டறைக்காரர் செய்து கொடுத்தார். பாலை வடித்து, தொட்டியில் மாவைத் தெளியவைத்து, உருட்டி, வறுத்து, களத்தில் காயவைக்கத் தெரிந்த ஆட்கள் உருவானார்கள். மிஞ்சும் திப்பி மாட்டுத் தீவனமானது. லோடு வந்து இறங்கியதும் கிழங்கைத் தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்த்து, மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று அளந்து விலை போடும் முறை வந்தது. அந்தப் பாயிண்டை நம்பித்தான் விவசாயியும் ஆலைக்காரரும் பேசுகிறார்கள், சண்டையும் போடுகிறார்கள்.

மரவள்ளிக் கிழங்கிலிருந்து கிடைக்கும் ஸ்டார்ச் மாவு எங்கே போகிறது என்று பாருங்கள். நெசவில் பாவு நூலுக்குக் கஞ்சி போட மாவு வேண்டும். நெசவோ அம்மாபேட்டையிலும் குகையிலும் இளம்பிள்ளையிலும் இருக்கிறது. கிழங்கையும் மூட்டையையும் ஏற்ற லாரி வேண்டும். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரித் தொழில் வளர்ந்தது, நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் பெருகின. வறண்ட காட்டுக்குத் தண்ணீர் வேண்டும். திருச்செங்கோட்டுக்காரர்கள் ரிக் வண்டியோடு இந்தியா முழுவதும் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானது, ஆனால் தொழிலுக்கு மாவட்ட எல்லை தெரியாது. சேலத்தின் பொருளாதாரம் என்று நான் சொல்வது இந்த வட்டாரம் முழுவதையும் சேர்த்துத்தான். மாநகராட்சி எல்லைக் கல் வரைக்கும் மட்டும் கணக்குப் போட்டால் சேலம் எப்படிப் பிழைக்கிறது என்பதே விளங்காது.

ஒரு தொழிலின் கழிவோ கைத்திறனோ இன்னொரு தொழிலுக்கு வாசல் திறந்துவிடுகிறது என்பதை ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1960களில் வற்புறுத்தினார். ஒற்றைத் தொழிலில் மூழ்கிய மான்செஸ்டரைவிட, பல சிறு தொழில்கள் கலந்து கிடந்த பர்மிங்ஹாமே நீண்ட காலம் தாக்குப்பிடித்தது என்று எடுத்துக்காட்டினார். பின்னர் எட்வர்ட் கிளேசர் முதலிய பொருளியலாளர்கள் 170 அமெரிக்க நகரங்களின் 1956 முதல் 1987 வரையான வேலைவாய்ப்புக் கணக்கை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். பல தொழில்கள் கலந்திருப்பதும், ஒரே தொழிலுக்குள் பலர் போட்டி போடுவதும் வளர்ச்சிக்கு உதவுகின்றன என்ற முடிவுக்கே அவர்களும் வந்தார்கள்.

இப்போது பெரிய கம்பெனிக்கு வருவோம். சேலத்துக்குப் பெரிய நிறுவனங்கள் வந்ததே இல்லை என்பது சரியன்று. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956இல் அங்கிருந்துதான் வந்தது. கதை எழுதுபவர், நடிப்பவர், ஒளிப்பதிவாளர் எனப் பலருக்கு மாதச் சம்பளம், எல்லாம் ஒரே வளாகத்துக்குள். அந்த ஒழுங்கு வியப்புக்குரியது. அதே காலத்தில் கோடம்பாக்கத்தில் பல ஸ்டூடியோக்கள் அடுத்தடுத்து எழுந்தன. அவற்றுக்கு வெளியே லேப், வாடகைக் கேமரா, துணை நடிகர், தையற்காரர், பாட்டுக் குழு என்று தனித்தனியாகப் பலர் கடை விரித்தார்கள். அங்கே ஒரு ஸ்டூடியோ மூடினால் மற்றொன்றில் வேலை இருந்தது. இங்கே அந்த ஒரு வளாகம் ஓய்ந்தபோது தொழிலே ஊரைவிட்டுப் போய்விட்டது. இன்று சாலையோரம் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது.

1961இல் பெஞ்சமின் சினிட்ஸ் என்ற பொருளியலாளர் நியூயார்க்கையும் பிட்ஸ்பர்க்கையும் ஒப்பிட்டு இதைத்தான் சொன்னார். பிட்ஸ்பர்க்கில் மாபெரும் உருக்காலைகள், நியூயார்க்கில் சிறு சிறு தையலகங்கள். பெரிய ஆலை தனக்கு வேண்டியதையெல்லாம் தனக்குள்ளேயே செய்துகொள்ளும், ஆகவே புதிதாகத் தொழில் தொடங்குபவருக்குக் கடன் கொடுப்பவரும் சரக்கு கொடுப்பவரும் அந்த ஊரில் வளர்வதில்லை என்பது அவர் வாதம். சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளை சம்பளத்துக்குப் போகவே நினைப்பான் என்றும் அவர் கருதினார். இது நம் சேலம் உருக்காலைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை நேயர்களே யோசித்துப் பாருங்கள். கஞ்சமலை இரும்பை நம்பிப் பேசப்பட்ட திட்டத்துக்கு 1970இல் அடிக்கல் நாட்டினார்கள். 1981இல் ஆலை ஓடத் தொடங்கியபோது அது வெளியிலிருந்து வந்த எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாக இருந்தது. நல்ல வேலை, நல்ல குடியிருப்பு, ஊருக்குப் பெருமை எல்லாம் கிடைத்தன. நான் அதற்கு எதிரியல்லன். ஆனால் அதன் தகட்டைக் கொண்டு பாத்திரமும் மருத்துவக் கருவியும் செய்யும் பட்டறைத் தெருக்கள் சேலத்தில் எழ வேண்டும் என்று யாராவது முறையாகத் திட்டமிட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

பட்டறைத் தொழிலைப் புகழ்ந்துவிட்டு அதன் நோயை மறைக்கக் கூடாது. கொலுசுக்குக் கூலி எடைக் கணக்கில். வெள்ளி விலை தாறுமாறாக ஏறும் மாதத்தில் ஆர்டர் குறைந்து தெரு முழுவதும் ஒரே நேரத்தில் சும்மா உட்காருகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ஒருவர் மக்காச்சோள மாவு கலந்தாலும், ரசாயனத்தில் வெளுத்தாலும், வட இந்தியாவில் விரத நாளில் அதைச் சமைக்கும் குடும்பம் எல்லா மூட்டையையும்தான் சந்தேகிக்கும். சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்குள் வரும் திருமணிமுத்தாறு என்ன நிறத்தில் ஓடியிருக்கிறது என்பதைக் கரையோரம் வசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சாயக் கழிவையும் ஆலைக் கழிவையும் தனி ஒரு பட்டறையால் சுத்திகரிக்க முடியாது. திருப்பூரில் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது.

தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்யலாம் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். வியாபாரி சொன்ன விலைக்கு மூட்டையைக் கொடுத்துவிட்டு, பணத்துக்கு அலைந்துகொண்டிருந்த ஜவ்வரிசி உற்பத்தியாளர்கள் 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். சரக்கைக் கிடங்கில் வைக்கலாம், அதன்பேரில் முன்பணம் வாங்கலாம், ரகசிய டெண்டரில் விற்கலாம். ஒரு கிடங்கும் ஒரு தராசும் ஒரு ஏல முறையும் பல நூறு ஆலைகளின் நிலையை மாற்றின. குறைகள் இல்லாமல் இல்லை, ஆனால் வழி அதுதான்.

கொலுசுக்கும் அதே போன்ற பொது ஏற்பாடு வேண்டும். யாரும் மறுக்க முடியாத டச் பரிசோதனைக் கூடம், புகை வெளியேற வழியுள்ள பற்றவைப்புக் கூடம், விலை ஏறும் காலத்தில் வெள்ளிக் கட்டியை ஈடாக ஏற்கும் கூட்டுறவுக் கடன், வாசலில் வேலை செய்யும் பெண்கள் பெயரில் நலவாரியப் பதிவு. நெசவுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம். இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு பெரிய நிறுவனத்தை இழுத்துவரக் கொடுக்கும் நிலம், மின்சாரம், வரிச் சலுகைகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

இன்னொன்று, திட்டம் தீட்டும் அதிகாரிகளுக்கு. ஊருக்கு வெளியே தொழிற்பேட்டை கட்டி, பட்டறைகளை அங்கே போகச் சொல்வது காகிதத்தில் அழகாக இருக்கும். உருக்குபவர் போவார், கம்பி இழுப்பவரும் போகக்கூடும். சமையலையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு வாசலில் சலங்கை பற்றவைக்கும் பெண்ணால் இரண்டு பஸ் மாறி அங்கே போக முடியாது. அவரில்லாமல் கொலுசு முடியாது. அடுத்த முறை சேலத்துக்கு முழுமைத் திட்டம் தயாரிக்கும்போது செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், அம்மாபேட்டை, இளம்பிள்ளை ஆகிய இடங்களின் பட்டறைத் தெருக்களை வீடு வீடாக எண்ணி வரைபடத்தில் குறியுங்கள். எந்த வேலை எந்த வேலையை ஒட்டியிருக்கிறது என்பதை அங்கே வேலை செய்பவர்களிடமே கேட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகு எதை நகர்த்தலாம், எதை நகர்த்தக் கூடாது என்று முடிவு செய்யலாம்.

நன்றி, வணக்கம்.