மலை எழுதிய மாவட்டம்

எல்லோருக்கும் வணக்கம். பிரான்சின் மாவட்டங்களில் ஒன்று பாரிசிலிருந்து ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கிறது. மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில். ரீயூனியன் தீவு, மாவட்ட எண் 974. யூரோவில்தான் வாழைப்பழம் வாங்க வேண்டும்.

பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். ஆனால் நடுவில் மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய மலை நிற்கிறது. அதன் மடியில் மஃபாத் என்றொரு பள்ளம். சுற்றிலும் செங்குத்துப் பாறை, உள்ளே போகச் சாலையே கிடையாது. பள்ளிக்கூடம் இருக்கிறது, கடை இருக்கிறது, சில நூறு பேர் குடியிருக்கிறார்கள். சரக்கு ஹெலிகாப்டரில் வந்து இறங்கும். மற்றபடி எல்லாரும் நடந்துதான் போக வேண்டும். தபால்காரரும் பையை முதுகில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கித்தான் கடிதம் கொடுத்தார்.

அங்கே போய் யார் குடியேறுவார்கள் என்று கேட்பீர்கள். தப்பித்தாக வேண்டியவர்கள்! பதினெட்டாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களிலிருந்து ஓடிய அடிமைகள் ஒளிந்த இடம் அது. அவர்களைத் தேடிக் கூலிப்படை போயிற்று; கொன்றதற்கு அத்தாட்சியாக வெட்டிய கையைக் கொண்டுவந்து காட்டினார்கள். மஃபாத் என்பதே அப்படி ஓடிப்போன தலைவர் ஒருவரின் பெயர்தான். துரத்தியவர்களின் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்?

1848 டிசம்பர் 20 அன்று அடிமைமுறை ஒழிந்தது. அறுபதாயிரம் பேருக்கு மேல் விடுதலை. சரி, கரும்பை யார் வெட்டுவது? புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களையும் கப்பலேற்றினார்கள். வந்தவரின் ஒற்றைப் பெயரே பிறகு வம்சத்துக்கே குடும்பப் பெயரானது. இன்றும் அங்கே ராமஸ்ஸாமி என்று குடும்பப் பெயர் வைத்திருப்பவருக்கு முன்பெயர் ஷானாகவோ பியேராகவோ இருக்கும். பெரும்பாலோருக்குத் தமிழ் பேசத் தெரியாது. ஆனால் தீமிதி நிற்கவில்லை.

1946 மார்ச் 19 அன்று வந்த சட்டம் இந்தக் குடியேற்ற நாட்டை மாவட்டமாக்கியது. பாடநூல்கள் இந்தத் தேதியைத்தான் பெரிதாகச் சொல்லும். மலை அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

1977 ஏப்ரலில் தீவின் இன்னொரு மலையான எரிமலையிலிருந்து வந்த குழம்பு பிதோன் சேந்த் ரோஸ் என்ற ஊருக்குள் புகுந்தது. வீடுகள் பல போயின. தேவாலயத்தின் வாசல்வரை வந்த குழம்பு இரண்டாகப் பிரிந்து, சுவரை ஒட்டி ஓடி இறுகிப்போனது. கறுத்த பாறைக்கு நடுவே கோயில் மட்டும் நின்றது. ஊர்க்காரர்கள் அதற்கு இப்போது எரிமலைக்குழம்பு மாதா என்று பேர் வைத்திருக்கிறார்கள். கல்யாணமெல்லாம் அங்கேதான் நடக்கிறது.