நான் போட்ட எண்பது

வணக்கம். வேலையும் வேகமும் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனி வேகம்தான். இருபத்து மூன்று வயதில் ஸ்டாப்வாட்ச், அட்டை, பென்சிலோடு லைனில் போய் நின்றவன் நான். ஒரு பீஸ் தைக்க எவ்வளவு நேரம் என்று அளந்து, மணிக்கு இத்தனை பீஸ் என்று இலக்கு போடுவது என் வேலை. அப்படி நிற்பவனைத் தைக்கிறவர்களுக்குப் பிடிக்காது. எனக்கும் என்னை அவ்வளவாகப் பிடிக்கவில்லை, சம்பளம் பிடித்திருந்தது.

கணக்கு எளிது. டி-ஷர்ட்டுக்குக் கை வைத்துத் தைக்க ஒருவருக்கு 40 விநாடி ஆகிறது. மணிக்கு 90 பீஸ். அதோடு விட்டால் சிக்கல் இல்லை. அடுத்து 'ரேட்டிங்' என்று ஒரு கட்டம் இருக்கும். சாதாரண வேகத்தில் தைத்தால் 100. மெதுவாகத் தைப்பதாகத் தோன்றினால் 80. இந்த எண்ணைக் கடிகாரம் சொல்லாது, பார்க்கிறவன் கண்தான் சொல்ல வேண்டும். 80 போட்டால் 40 விநாடி 32 ஆகிவிடும். இலக்கு மணிக்கு 112 பீஸ். நூல் அறுவது, தண்ணீர் குடிப்பது என்று கொஞ்சம் கழித்துக் கொடுப்போம், அது வேறு. ஊசி ஒரு தையல்கூடக் கூடுதலாகப் போடவில்லை, பென்சில் 22 பீஸைக் கூட்டிவிட்டது.

ஒரு நாள் ஓவர்லாக் மிஷினில் ஓர் அக்கா. அலட்டலே இல்லை. துணியை எடுப்பதும் வைப்பதும் வீட்டில் கீரை ஆய்வது மாதிரி இருந்தது. பக்கத்து மிஷினில் ஒரு சின்னப் பெண். பெடலை மிதித்தால் மிஷின் அலறும், தோள் குலுங்கும். இருவருக்கும் விநாடி ஏறக்குறைய ஒன்றுதான். பெண்ணுக்கு 100 போட்டேன், அக்காவுக்கு 80.

சாயங்காலம் பார்க்கிறேன், பெண்ணின் பீஸில் பாதி பிரித்துத் தைக்கத் திரும்பி வந்து கிடக்கிறது. அக்கா, தைத்து முடித்த பத்துப் பீஸை மடியிலிருந்து எடுத்து, மணிக்கணக்கு எழுத ஆள் வருமுன் அந்தப் பெண்ணின் கட்டோடு சேர்க்கிறார்.

சிகாகோ பக்கம் ஹாதார்ன் தொழிற்சாலையில், 1931 நவம்பர் முதல், தொலைபேசி இணைப்புக் கருவிகளுக்கு ஒயர் கட்டும் பிரிவின் 14 ஆண்களைத் தனி அறையில் வைத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆய்வுக்காகக் கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே பேசாமல் ஓர் அளவு வைத்திருந்தார்கள். மீறி வேகமாகப் போகிறவனுக்கு மேல்கையில் ஒரு குத்து விழும். ரொம்பப் பின்தங்கினாலும் பேச்சு விழும். வேகத்தைக் காட்டினால் கூலியைக் குறைப்பார்கள், மெதுவானவனை வெளியே அனுப்புவார்கள் என்ற பயம். இதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அமெரிக்கா ஞாபகத்துக்கு வரவில்லை, அக்காவின் மடிதான் வந்தது. என்ன, இங்கே குத்துக்குப் பதில் பத்துப் பீஸ்!

அன்று கேட்டே விட்டேன். "ஏங்க்கா, இன்னும் வேகமாகத் தைக்க முடியும்தானே?"

"முடியாம என்ன கண்ணு? நா நூறு தெச்சுப்போட்டா நாளைக்கு இவளும் நூறு தைக்கோணுமல்லோ?"

அப்படிப் பார்த்தால் என் 80 சரிதான். அவர் மெதுவாகத்தான் தைத்திருக்கிறார். ஏன் என்று எழுத மட்டும் அட்டையில் கட்டம் கிடையாது. சரி, அழித்தாவது வைப்போம் என்று தேடினேன். அதற்குள் அட்டை ஆபீஸுக்குப் போயிருந்தது.