ஒரு துருத்தித் தண்ணீர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பூர்வீக வீட்டில் இரண்டு அடுப்பு இருந்தது. தாத்தாவுக்கு இரண்டு மனைவி. மூத்தவருக்குப் பிள்ளை இல்லை என்று, அவருடைய கூடப்பிறந்த தங்கையையே இளையதாரமாகக் கட்டிவைத்தார்கள். நான் தங்கை வழிப் பேத்தி. பெரிய பாட்டி என்னைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்துப் பொரிகடலை கொடுப்பார். கொடுக்கும் முன்னால் அடுத்த அடுப்புப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொள்வார். அந்தப் பார்வை ஏன் என்று கேட்கிற வயது எனக்கு வந்தபோது வீட்டில் சொன்ன பதில், "அந்தக் காலத்துல அதெல்லாம் சகஜம்."

சகஜம்தானா? ஆபிரகாமுக்கு இருந்தது, யாக்கோபுக்கு இருந்தது, தாவீதுக்கு இருந்தது, சாலொமோனுக்கு எழுநூறு மனைவிகளும் முந்நூறு மறுமனையாட்டிகளும் இருந்தார்கள், ஆகவே அன்றைக்கு யாருக்கும் அது வலிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறோம். நான் மிஷன் பள்ளியில் படித்தவள். பைபிள் எனக்குப் பிள்ளைப் பிராயத்திலிருந்து பழக்கம். அதைப் படித்த அளவில் சொல்கிறேன்: அந்தப் புத்தகம் அப்படிச் சொல்லவே இல்லை.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். சாமுவேலின் முதல் புத்தகம், முதல் அதிகாரம். எல்க்கானாவுக்கு இரண்டு மனைவி. பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. பெனின்னாளைத் தமிழ் வேதாகமம் 'சக்களத்தி' என்கிறது. அந்த இடத்தில் எபிரேயத்தில் உள்ள சொல் 'த்ஸாரா'. துன்பம், நெருக்கடி என்பதற்கும் அந்த மொழியில் அதே சொல்தான். நம் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றான் என்றால் பகைவன். மாற்றாள் என்றால் சக்களத்தி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் அந்த உறவுக்குப் பேர் வைக்கும்போது துன்பத்தையும் பகையையும்தான் நினைத்திருக்கின்றன. சகஜமான ஒன்றுக்கு யாராவது இப்படிப் பேர் வைப்பார்களா?

வருஷா வருஷம் அந்தக் குடும்பம் சீலோவுக்குப் பலியிடப் போகும். எல்க்கானா பந்தியில் பங்கு பிரிப்பார். அன்னாள்மேல் பிரியம் என்பதால் அவளுக்கு இரண்டு பங்கு. பெனின்னாள் குத்திக் குத்திப் பேசுவாள். அன்னாள் சாப்பிடாமல் அழுவாள். "பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா?" என்று கேட்கிறார் கணவர். அவர் நல்ல மனிதர். ஆனால் இன்னொருத்தி தன் பிள்ளைகளோடு எதிரே உட்கார்ந்திருக்கும் பந்தியில் கேட்கிற கேள்வியா அது? பெனின்னாளை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பெற்றவள் அவள். இரண்டு பங்கு போவது மற்றவளுக்கு. அவள் வாயிலிருந்து வந்த கொடுஞ்சொல் எங்கிருந்து பிறந்தது என்று கேட்க நமக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

யாக்கோபின் வீட்டில் அக்காள் லேயாளும் தங்கை ராகேலும் ஒரே ஆளுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். எங்கள் வீட்டைப்போல. கோதுமை அறுப்புக் காலத்தில் லேயாளின் மகன் ரூபன் வயலிலிருந்து தூதாயீம் கனிகளைப் பறித்து வருகிறான். பிள்ளைப்பேறு தரும் என்று நம்பப்பட்ட கனி. ராகேல் அதில் கொஞ்சம் கேட்கிறாள். "என் புருஷனை எடுத்துக்கொண்டது போதாதா, என் மகனின் கனியும் வேண்டுமா?" என்கிறாள் லேயாள். கடைசியில் பேரம் படிகிறது. கனிக்குப் பதில் ஓர் இரவு. சாயங்காலம் வயலிலிருந்து திரும்பும் கணவரை வழியிலேயே மறித்து, "கனி கொடுத்து உம்மை வாங்கியிருக்கிறேன், இன்றைக்கு என்னிடம் வரவேண்டும்" என்கிறாள். பன்னிரண்டு கோத்திரங்களின் பிறப்பைச் சொல்லும் புனித நூல் இது. இதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அந்த நூலின்மேல் எனக்குள்ள மரியாதைக்கு இதுவே முதல் காரணம். பிற்பாடு லேவியராகமத்தில், மனைவி உயிரோடிருக்கும்போது அவள் சகோதரியை அவளுக்குச் சக்களத்தியாகக் கொண்டுவராதே என்று சட்டமே வருகிறது. யாக்கோபு கட்டியது போன்ற கல்யாணம் யாக்கோபின் சந்ததிக்கு விலக்கப்பட்டது.

ஆகாரின் கதை இன்னும் கடுமையானது. அவள் எகிப்திய அடிமை. பிள்ளையில்லாத சாராள் அவளைத் தன் கணவர் ஆபிரகாமுக்குக் கொடுக்கிறாள். அது அந்தப் பிரதேசத்து வழக்கம். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் பழைய பாபிலோன் மன்னர் ஹமுராபியின் சட்டக்கல் நிற்கிறது, ஆளுயரத்துக்கும் மேலே. அதில் இதற்கு ஒரு விதி உண்டு. மனைவி கொடுத்த அடிமைப்பெண் பிள்ளை பெற்றபின் தன்னை எசமானிக்குச் சமமாக நினைத்தால், அவளை விற்கக் கூடாது. ஆனால் திரும்ப அடிமைகளோடு சேர்த்துவிடலாம். சட்டம் எசமானியின் பக்கம் நின்று எழுதப்பட்டது. பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமமோ வனாந்தரத்துக்கு ஓடிய அடிமையின் பின்னாலேயே போகிறது. நீரூற்றண்டையில் கடவுள் அவளோடு பேசுகிறார். அவள் அவருக்கு, "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று பேர் வைக்கிறாள். கடவுளுக்குப் பேர் வைத்தவள் ஓர் அடிமைப் பெண், இரண்டாம் தாரம்.

அவள் வீடு திரும்பி மகனைப் பெற்றாள். அப்படிப்பட்டவளைத்தான் பிற்பாடு அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் தோளில் ஏற்றி, மகனோடு அனுப்பிவிடுகிறார்கள். பெயெர்செபா வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்துபோகிறது. பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டேன் என்று எட்டப் போய் உட்கார்ந்து அழுகிறாள். கடவுள் கிணற்றைக் காட்டினார், மகன் பிழைத்தான். வீட்டுக்குள் இருந்தவர்கள் அனுப்பியது அனுப்பியதுதான்.

ஆகவே, வெளியிலிருந்து யாரோ வந்து இந்த வழக்கத்தைக் குறை சொன்னதாக நினைக்காதீர்கள். முணுமுணுப்பு உள்ளேயே இருந்தது. சாக்கடல் சுருள்கள் என்கிற பழைய யூத ஏடுகளை வைத்திருந்த கூட்டத்தாரின் நூல் ஒன்று, உயிரோடிருக்கையில் இரண்டு பெண்களைக் கொள்வதைக் கண்டிக்கிறது. அதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம்: கடவுள் ஆணும் பெண்ணுமாகப் படைத்தார், நோவாவின் பேழைக்குள் உயிர்கள் ஜோடி ஜோடியாகத்தான் நுழைந்தன.

கதையில் வராத, நிஜமாக வாழ்ந்த ஒருத்தியையும் சொல்லவேண்டும். 1961-ல் சாக்கடலுக்கு மேற்கே ஒரு குகையில் தொல்லியலாளர் யிகாயேல் யாதீனின் குழு ஒரு தோல்பையைக் கண்டெடுத்தது. உள்ளே 35 பத்திரங்கள். பாபத்தா என்ற யூதப் பெண்ணுடையவை. பேரீச்சந்தோப்புகளுக்குச் சொந்தக்காரி. முதல் கணவர் இறந்தபின் யூதா என்பவரை மணந்தார். அவருக்கு ஏற்கெனவே மிரியாம் என்றொரு மனைவி. இருவரும் ஒரே காலத்தில் மனைவியர் என்றே ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். யூதாவும் இறந்துபோக, கி.பி. 131-ல் சொத்து வழக்கு. வீட்டிலிருந்ததை எல்லாம் மிரியாம் எடுத்துக்கொண்டாள் என்கிறார் பாபத்தா. "எனக்கும் உனக்கும் கணவராயிருந்து இறந்தவரின் சொத்துப் பக்கம் வராதே" என்கிறார் மிரியாம். எனக்கும் உனக்கும். அந்த வரியைப் படித்த அன்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்த திண்ணைதான் என் கண்ணில் வந்தது.

ஏறக்குறைய கி.பி. 1000-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து யூத மதகுரு ரப்பி கெர்ஷோமின் பேரில் ஓர் ஆணை வழங்கலாயிற்று: இரண்டாம் மனைவி கூடாது, மீறினால் சமூக விலக்கு. அதோடு சேர்த்தே இன்னொன்று: மனைவியின் சம்மதம் இல்லாமல் விவாகரத்தும் கூடாது. இந்த இரண்டும் கூடவே வந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். முதலாவது மட்டும் இருந்தால், புதியவளைக் கொண்டுவர வேண்டும் என்பதற்காகப் பழையவளைத் தள்ளிவிடலாமே. அந்த வாசலையும் சேர்த்து அடைத்தார்கள். ஐரோப்பிய யூதரிடையே இது நிலைத்தது. ஏமன் யூதரிடையே பழைய வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது.

இஸ்லாத்திலும் இந்தப் பேச்சு குர்ஆனின் வசனத்திலிருந்தே எழுந்தது. நான்காம் அத்தியாயம் நால்வர் வரை அனுமதிக்கிறது. நீதியாக நடக்க முடியாதென்று அஞ்சினால் ஒருத்திதான் என்கிறது. அதே அத்தியாயத்தில், எவ்வளவு விரும்பினாலும் மனைவியரிடையே உங்களால் நீதி செலுத்த இயலாது என்றும் வருகிறது. 1956-ல் துனிசியா பலதாரத்தைத் தடை செய்தபோது இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்துவைத்து வாதிட்டார்கள். அறிஞர்கள் எல்லாரும் அதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் நெருடுகிற இடத்துக்கு வருகிறேன். 1888-ல் லண்டனின் லம்பெத்தில் மாநாடு கூடிய ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த, பேராயர்கள், பல மனைவியர் உள்ளவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்று தீர்மானித்தார்கள். ஒருவனுக்கு ஒருத்தி என்ற கொள்கையில் எனக்கு இம்மியும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் தீர்மானம் ஆப்பிரிக்கக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது என்ன ஆயிற்று? சபையில் சேர விரும்பியவர் ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பினார். நிலம் இல்லை, பிறந்த வீட்டில் இடம் இல்லை, இடுப்பில் பிள்ளை. பலதாரம் ஆகாரைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்தது. அதை ஒழிக்கப் புறப்பட்டவர்களும் அவள் தோளில் துருத்தியை ஏற்றினார்கள். சரியாக நூறு வருஷம் கழித்து, 1988-ல், அதே லம்பெத் மாநாடு தீர்மானத்தை மாற்றியது. இனி வேறு மணம் செய்வதில்லை என்று அவர் வாக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் இருக்கிற மனைவியரில் யாரையும் தள்ளிவிடக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர்கள் ஆதரவற்றுப் போவார்கள் என்பதால்.

நம் சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதாரத் தடைச் சட்டம் 1949-ல் வந்தது. நாடு முழுவதற்கும் 1955-ல் இந்துத் திருமணச் சட்டம். எங்கள் தாத்தாவின் இரண்டு கல்யாணமும் அதற்கு முந்தியவை. இரண்டு அடுப்பும் அப்படியே எரிந்தன.

ஆறாம் வகுப்பில் ஆகாரின் கதை எங்களுக்குப் பாடம். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சத்தம்போட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். பெரிய பாட்டி பக்கத்தில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். அப்பம், துருத்தி என்று நான் வாசித்த இடத்தில் அவர் கை நின்றது.

"துருத்தின்னா என்னடி?"

"தோல்ல செஞ்ச தண்ணிப் பை, பாட்டி."

"அதுல தண்ணி எத்தன நாளைக்கு வரும்?"

பாடத்தில் அது இல்லை என்றேன்.