வெந்த பயறும் பேகூர்க் கல்லும்

நேயர்களுக்கு வணக்கம். இங்கே பெங்களூருவில் பி.ஏ. முதலாண்டு மாணவர்களுக்கு 'இந்த ஊருக்குப் பெயர் எப்படி வந்தது' என்று ஓர் அசைன்மென்ட் கொடுத்திருந்தேன். அல்சூரிலிருந்து வரும் ஒரு மாணவி பதினொரு இணையதளங்களைச் சான்றாகக் காட்டியிருந்தாள். பதினொன்றிலும் ஒரே கதை: வேட்டைக்குப் போன ஹொய்சள அரசன் இரண்டாம் வீர வல்லாளன் வழி தவறினான், ஒரு பாட்டி வெந்த பயறு கொடுத்தாள், அதனால் 'பெந்த காளூரு', கன்னடத்தில் வெந்த பயறு ஊர்.

"பதினொரு பேர் சொல்றாங்களே சார்" என்றாள். ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் எழுத்துப்பிழையோடு பிரதி எடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். யார் முதலில் சொன்னார், எதைப் பார்த்துச் சொன்னார் என்று ஒரு தளத்திலும் இல்லை.

பெங்களூருவிலேயே உள்ள பேகூரில், நாகேஸ்வரர் கோயிலில் ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காலம் சுமார் கி.பி. 890. பெங்களூருவில் நடந்த ஒரு சண்டையை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இரண்டாம் வீர வல்லாளன் பட்டத்துக்கு வந்ததோ 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பாட்டி அடுப்பு மூட்டுவதற்கு ஏறக்குறைய 300 ஆண்டு முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது!

இப்படிப்பட்ட சான்றுகளை எங்கே தேடுவது? விக்கிப்பீடியாவைத் தொடாதே என்று நான் சொல்வதில்லை. படியுங்கள், அப்புறம் கீழே இறங்கி அடிக்குறிப்புகளைப் பாருங்கள். அந்த வழியே போனால் கல்வெட்டு ஆய்வாளர் பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட 'எபிகிராஃபியா கர்நாடிகா' என்ற கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதிக்கு வந்து சேரலாம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெங்களூருவின் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அதில் உண்டு. அந்த ஊரின் இன்னொரு பெயர் தேசிமாணிக்கப்பட்டணம் என்று நம் பிள்ளைகள் நேரடியாகத் தமிழிலேயே படிக்கலாம்.

ஆய்வேடுகளுக்கு 'ஷோத்கங்கா' என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டால் நூற்பெயர், பக்க எண் எல்லாம் சரளமாகத் தரும். சில சமயம் அப்படி ஒரு நூலே இருக்காது. நூலகப் பட்டியலில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஒன்று, கல்வெட்டையும் மிகையாக நம்பக்கூடாது. பெயர் அப்போதே இருந்தது என்று மட்டும்தான் பேகூர்க் கல் சொல்கிறது. அதன் பொருளைச் சொல்லவில்லை. வேங்கை மரத்திலிருந்து வந்தது என்பதும் ஊகமே.

அந்த மாணவி திருத்தி எழுதினாள். பதினொரு சான்று மூன்றாகிவிட்டது. பயறுக் கதையை மட்டும் விடவில்லை. 'மக்கள் சொல்லும் கதை' என்று தனித்தலைப்பு போட்டு வைத்திருந்தாள். அதற்காகவே இரண்டு மதிப்பெண் கூடப் போட்டேன்.