நடந்து போகிற தூரத்தில் ஒரு தூரி: நம்ம ஏரியாவில் விளையாட்டுப் பூங்கா தேடுவது எப்படி

வணக்கம்ங்க. நான் இப்போது நிற்பது கோயம்புத்தூர் வடவள்ளிப் பக்கம், குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பூங்கா. மணி நாலரை. பின்னால் பிள்ளைகள் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"லீவு விட்டாச்சு, பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போறது?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். டேம், பெரிய பார்க் எல்லாமே சொல்கிறேன். ஆனால் ரெண்டு பிள்ளைகளை வளர்க்கிற அம்மாவாக நான் முதலில் சொல்ல நினைப்பது வேறு. வருஷத்துக்கு நாலு தடவை கார் எடுத்துப் போகிற இடத்தைவிட, தினமும் சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போகிற இடம்தான் பிள்ளைக்குப் பெரிசு. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பழக்கமாவது அங்கேதான். தூரிக்கு, அதாவது ஊஞ்சலுக்கு, வரிசையில் நிற்பது, சின்னவனுக்கு விட்டுக் கொடுப்பது, சண்டை போட்டு அஞ்சு நிமிஷத்தில் சேர்ந்துகொள்வது, எல்லாம் அங்கே தானாக வரும். அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, போனதும் எதைப் பார்ப்பது என்பதைத்தான் இன்றைக்கு அதிகம் பேசப் போகிறேன்.

வாங்க, உள்ளே போகலாம். முதலில் இந்தச் சறுக்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மேற்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள். மத்தியான வெயில் முழுக்க இதன் மேல்தான். புறங்கையை வைத்துப் பார்க்கிறேன்... ம், இன்னும் சுடுகிறது. நாலைந்து நொடி கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் பிள்ளையை ஏற்றாதீர்கள். டிரவுசர் போட்ட பிள்ளைக்குத் தொடை வெந்துவிடும். பிளாஸ்டிக் சறுக்கும் சித்திரை வெயிலில் சுடத்தான் செய்யும். அதோ அந்தச் சறுக்கைப் பாருங்கள், புங்க மரத்து நிழலில் இருக்கிறது. ரெண்டு மணிக்கு வந்தாலும் அதில் விளையாடலாம். பூங்காவுக்கு இடம் பார்க்கப் போனால் நான் முதலில் பார்ப்பது மரம்தான், விளையாட்டுச் சாமான் அப்புறம்தான்.

சறுக்கில் இன்னொன்று. சின்னப் பிள்ளை பயப்படுகிறது என்று மடியில் உட்கார வைத்துக்கொண்டு நாமும் சேர்ந்து சறுக்குகிறோம் அல்லவா, அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பிள்ளையின் ஷூ ஓரத்தில் மாட்டிக்கொண்டால் கால் அங்கேயே நின்றுவிடும். நம் எடையும் வேகமும் பிள்ளையைக் கீழே தள்ளிக்கொண்டே போகும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிடும். தனியாக வந்தால் பிள்ளையின் சொந்த எடை மட்டும்தான், கால் மாட்டினாலும் பெரும்பாலும் நின்றுவிடும். பயப்படுகிற பிள்ளைக்குச் சின்னச் சறுக்கு போதும், பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேமராவைக் கீழே காட்டுகிறேன். தூரிக்கு அடியில் மணல் போட்டிருக்கிறார்கள். நல்லது. பூங்காவில் அடிபடுவது பெரும்பாலும் கீழே விழுந்துதான், அதனால் தரைதான் முதல் பாதுகாப்பு. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டிடக் கையேட்டில், 4 அடி உயரத்திலிருந்து விழுந்தால் தாங்க 9 அங்குல ஆழத்துக்கு மணல் வேண்டும் என்று இருக்கிறது. இறுகிப்போன மண்ணையும் புல்லையும்கூட அவர்கள் பாதுகாப்பான தரையாகச் சேர்ப்பதில்லை. நம் ஊரில் அழகாக இருக்கட்டும் என்று தூரிக்கு அடியிலேயே பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்கள். பார்க்கும்போதே எனக்கு வயிறு கலங்கும். அப்படி இருந்தால் அந்தத் தூரியில் பிள்ளையை வேகமாக ஆட்டிவிடாதீர்கள். மணலிலும் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். மேலே ரெண்டு அங்குலம் மட்டும்தான் மணல், கீழே கட்டாந்தரை என்று இருக்கும். நாய் அசிங்கம் செய்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். அதிலிருந்து புழு முட்டை பரவும், வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள்.

அப்படியே மேலே பாருங்கள். தூரிச் சங்கிலியைக் கம்பியில் மாட்டியிருக்கிற கொக்கி. ஜூம் பண்ணுகிறேன், தெரிகிறதா? வளைவில் ஒரு பக்கம் பளபளவென்று மின்னுகிறது. ஆட ஆட இரும்பை இரும்பே தின்றுகொண்டிருக்கிறது. இந்தக் கொக்கி இப்போதுதான் தேய ஆரம்பித்திருக்கிறது. நன்றாகத் தேய்ந்து மெலிந்திருந்தால், அல்லது கொக்கியின் வாய் திறந்திருந்தால், ஏற்றாதீர்கள். ஒரு போட்டோ எடுத்து வார்டு கவுன்சிலருக்கு அனுப்பிவிடுங்கள். கொக்கி மாற்றுவது பெரிய செலவில்லை.

ஏணிக் கம்பிகளுக்கு நடுவில், தடுப்புக் கம்பிகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியையும் பாருங்கள். 9 சென்டிமீட்டரிலிருந்து 23 சென்டிமீட்டர் வரைக்கும் இருந்தால் ஆபத்து. காலையும் உடம்பையும் விட்டு நுழைந்துவிடுவார்கள், தலை மாட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்த பிள்ளை என்றால் கழுத்தில் ஐடி கார்டு தொங்கும். அதையும், பெண் பிள்ளைகளின் துப்பட்டாவையும் கழற்றி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சறுக்கின் மேல் முனையில் அது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும்.

இங்கே பழைய டயரைப் பாதி மண்ணில் புதைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதில் ஏறிக் குதிக்க ரொம்பப் பிடிக்கும். ஐப்பசி மழைக்கு அப்புறம் டயருக்குள் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு அதில்தான் முட்டை வைக்கும், அதுவும் பகலில் கடிக்கிற கொசு. டயரில் ஓட்டை போட்டிருந்தால் தண்ணீர் வடிந்துவிடும். இதில் போட்டிருக்கிறார்கள். இதைச் செய்தவர் யோசித்துச் செய்திருக்கிறார், அவருக்கு ஒரு நன்றி.

தண்ணீர், கழிப்பறை பற்றி நீட்ட வேண்டாம், திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். ஆனால் பெஞ்ச் எங்கே போட்டிருக்கிறார்கள் என்பது முக்கியம். நம் வீடுகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் அப்பாரும் அமுச்சியும்தான், அதாவது தாத்தா பாட்டிதான். அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து சறுக்கும் தூரியும் தெரிய வேண்டும், வாசல் கேட்டும் தெரிய வேண்டும். முழங்கால் வலியோடு அவர்களை நிற்க வைக்கிற பூங்காவுக்கு மறுநாள் யாரும் வரமாட்டார்கள்.

சரி, பெரிய இடங்கள். கோயம்புத்தூரில் வ.உ.சி. பூங்காவுக்கு மிருகங்களைப் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டிக் கூட்டிப் போகாதீர்கள், அங்கிருந்த மிருகக்காட்சி சாலைக்கான அங்கீகாரம் 2022இல் ரத்தாகிவிட்டது. காந்திபுரத்தில் பழைய மத்திய சிறை நிலத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா 2025 நவம்பரில் திறந்தார்கள், நடக்கவே ஒரு பொழுது வேண்டும். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகள் சாயங்காலக் காற்றுக்கு நல்லது. ஈரோட்டுப் பக்கம் பவானிசாகர் அணைப் பூங்கா, கோபிக்குப் பக்கத்தில் கொடிவேரி. பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஆழியாறு, உடுமலைக்காரர்களுக்கு அமராவதி, சேலத்துக்காரர்களுக்கு மேட்டூர், குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா. எல்லாமே அருமையான இடங்கள். அணைப் பக்கம் போனால் தண்ணீரிலிருந்து மட்டும் கண்ணை எடுக்காதீர்கள். கொடிவேரியில் தண்ணீர் அதிகம் வந்தால் குளிக்க விடமாட்டார்கள், கிளம்புவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

இப்போது நிறையப் பேருக்குத் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். "எங்க ஏரியாவில் பார்க்கே இல்லைங்க" என்பீர்கள். இருக்கலாம், உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய ரெண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டிடம் மாதிரி பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்பும் இப்படி ஒதுக்குகிற விதி இருந்தது. கோயம்புத்தூரில் இதைத்தான் ரிசர்வ் சைட் என்கிறோம். முள்ளுச்செடி மண்டி, கட்டட இடிபாடு கொட்டி, ரெண்டு கார் நிறுத்தி வைத்திருக்கிற அந்த மூலை இடம் உங்கள் பிள்ளைகளுக்கு உரியதாக இருக்கலாம்.

கண்டுபிடிப்பது சிரமமில்லை. வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிற அப்ரூவ்டு லேஅவுட் வரைபடத்தை எடுங்கள். அதில் சைட் நம்பர் இல்லாமல் பூங்கா என்றோ பொது இடம் என்றோ எழுதிய கட்டம் இருக்கும். அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். காலியாக இருந்தால் தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுங்கள். மாநகராட்சி, நகராட்சி என்றால் ஏரியா சபைக் கூட்டத்தில் பேசலாம். ஊராட்சி என்றால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபை இருக்கிறது, அங்கே எழுந்து கேட்டுத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். முதல் நாளே ஸ்டீல் சறுக்கு கேட்காதீர்கள். முள்ளை வெட்டி, வேலி போட்டு, ஒரு லோடு மணல் கொட்டி, நாலு வேப்பங்கன்று நட்டுத் தரச் சொல்லுங்கள். மணலும் நிழலும் இருந்தால் பிள்ளைகள் விளையாட்டைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். பூங்கா கட்டி முடித்தும் பகலெல்லாம் பூட்டியே வைத்திருந்தால், சாவி யாரிடம், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளைகளையும் மனுவில் மறக்காதீர்கள். வாசலில் மாடும் பைக்கும் நுழையாமல் இருக்கச் சுழல் கேட் வைத்துவிடுகிறார்கள், அதில் சக்கர நாற்காலி போகாது. பக்கத்தில் ஒரு அகலமான கேட்டும் சரிவுப் பாதையும் கேளுங்கள். அந்தப் பிள்ளையும் உள்ளே வரட்டும்.

உங்கள் ஊரில் நல்ல பூங்கா இருந்தால் கீழே எழுதுங்கள். பெயர் மட்டும் போதாதுங்க. நிழல் இருக்கிறதா, தூரிக்கு அடியில் என்ன தரை, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், கழிப்பறை திறந்திருக்கிறதா, எல்லாம் சேர்த்து எழுதுங்கள். திருப்பூர், கரூர், நாமக்கல், தாராபுரம் பக்கத்துக்காரர்கள் கொஞ்சம் அதிகமாகவே எழுதுங்கள், அடுத்து அங்கே வருகிறேன்.